மம்பட்டி ஆங்கிலம் ஏறிய கதை



பரிசளிப்பு விழா மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் மம்பட்டியா கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த மம்பட்டி ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

முதலில் ஒரு திருத்தம். ‘ஸ்பேட்’ என்றால் மண்வெட்டி என்று ஆங்கிலப் பாடத்தில் எழுதிக் கொடுக்கிறோம். அது முழுச்சரி அல்ல. வெள்ளைக்காரரின் ஸ்பேட் நேரான தகடு. பூட்ஸ் போட்ட காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கி, மண்ணைத் தூக்கி அப்பால் போட வேண்டும். நம்முடைய மம்பட்டியில் தகடு காம்பை நோக்கி உள்வாங்கி நிற்கும். ஓங்கி வெட்டி, மண்ணைத் தன் பக்கம் இழுக்கிற கருவி அது. வெறுங்காலோடு சேற்றில் நின்று வேலை செய்கிறவன் ஸ்பேடை மிதித்தால் பாதம் என்னாவது? ஆகவே ஆங்கிலேயரின் ‘ஹோ’ என்ற கருவிதான் நம் மம்பட்டிக்குக் கிட்டத்து உறவு. அந்தச் சொல்லும் அவர்களுக்குச் சொந்தமன்று. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வாங்கியது. (சீட்டுக்கட்டில் ‘இஸ்பேட்’ என்கிறோமே, அதற்கும் தோட்ட வேலைக்கும் சம்பந்தமில்லை. வாள் என்று பொருள்படும் ‘ஸ்பாடா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது அது. சீட்டாட்டத்தைப் பற்றி மாணவர்களிடம் இதற்கு மேல் பேசுவது முறையாகாது!)

இப்படி வேறு மாதிரியான கருவியைத் தமிழ்நாட்டில் கண்ட ஆங்கிலேயர், அதைத் தம்முடைய பெயரால் அழைக்காமல் நம்முடைய பெயராலேயே அழைத்தார்கள். 1782-இல் சென்னை ஆளுநராக இருந்த மெக்கார்ட்னி பிரபு காலத்துக் கடிதம் ஒன்றிலேயே, சிப்பாய்கள் பதுங்குகுழி வெட்டுகிற இடத்தில் இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. பிறகு இராணுவத் தளவாடப் பட்டியல்களிலும் ஏறியது. அதனால் தமிழே தெரியாத வடநாட்டுப் பட்டாளத்திலும் அந்தப் பேர் வழங்கிற்று. இத்தனைக்கும் வடநாட்டார் அந்தக் கருவிக்குப் ‘பாவ்டா’ என்று தங்கள் சொல்லையே வைத்திருந்தார்கள்.

இந்த விவரத்தை ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதியில் காணலாம். இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் திரட்டி 1886-இல் வெளிவந்த நூல் அது. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் என்பவர் வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றியவர். கால்வாய் வேலைகளைப் பார்த்தவர். மண் வெட்டுவது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆர்தர் பர்னல் என்பவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு ஏடுகளையும் எழுத்துகளையும் ஆராய்ந்தவர். நூல் அச்சாகி வருவதற்கு முன்பே, 1882-இல், அவர் காலமாகிவிட்டார்.

அதில் இந்தச் சொல்லை எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? மமூட்டி, மமோட்டி, மொமாட்டி! ‘மண்வெட்டி’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று விளக்கமும் தந்திருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், அந்த மூன்று வடிவங்களில் எதிலாவது ‘ண்’ இருக்கிறதா? ‘வெ’ இருக்கிறதா? இல்லை. இலக்கணம் படித்த பண்டிதர் வாயிலிருந்து அவர்கள் அதைக் கேட்கவில்லை. “ஏலே, அந்த மம்மட்டிய எடுத்துக்கிட்டு வா” என்று வயலிலும் ரோட்டு வேலையிலும் கத்தினவர்களிடமிருந்து கேட்டார்கள். நான் பெரிதாக எண்ணுவது இதைத்தான். நம் பிள்ளைகள் கட்டுரையில் ‘மம்பட்டி’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறோம். அடிக்க வேண்டியதுதான்; எழுத்துத் தமிழில் மண்வெட்டி என்றே எழுத வேண்டும். ஆனால் “அது தோட்டத்துப் பாஷை, வெட்கமாயில்லையா?” என்று கேட்காதீர்கள். துரைமார் கற்றுக்கொண்டது அந்தப் பாஷையைத்தான்.

கற்றுக்கொண்ட விதமும் வேடிக்கை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நம்மவர்கள் போன பிறகு, புதிதாக வரும் சின்னத் துரைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆங்கிலத்தில் சிறு நூல்கள் அச்சாயின. அவற்றுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’! வாங்க என்று கூட இல்லை. அந்நூல்களின் தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ்தான். 1915-இல் வந்த இன்னொரு நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. எப்படியோ, இலங்கையில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இந்தக் கருவியை மம்மட்டி என்றே சொல்கிறார்கள். கங்காணி என்ற சொல்லும் அப்படியே ஆங்கிலத்தில் நின்றுவிட்டது.

அப்படியானால் நம் ஜொகூரில் மட்டும் ஏன் அந்தப் பேர் ஆங்கிலத்தில் ஏறவில்லை? இங்கே வந்த துரைமார் ‘சங்குல்’ என்ற மலாய்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இது. நாம் ரப்பர்க் காட்டுக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே இங்கே மண் வெட்டப்பட்டுவிட்டது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜொகூர் ஆற்றங்கரைகளில் சீனர்கள் கங்சூ முறையில் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். ஜொகூர் ரயில்பாதை 1909-இல் முடிந்து, ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, நம்மவர்கள் திரளாக வந்து இறங்கியபோது கருவிக்கு இங்கே பேர் இருந்தது. அதனால் நம் மம்பட்டி லயத்து வீடுகளோடு நின்றுகொண்டது. இங்கேயே பிறந்த பலர் வாயில் சங்குலும் வருகிறது, மம்பட்டியும் வருகிறது. இதில் குறைபட ஒன்றுமில்லை. நம் கடை, பெட்டி, கட்டில், கப்பல் எல்லாம் மலாய்க்குப் போய் கெடாய், பெத்தி, காத்தில், காப்பால் என்று குடியிருக்கின்றனவே!

இந்தச் சங்குலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை விழா மலரில் எழுதலாமா என்று யோசித்தேன்; எழுதாமல் விடுவதுதான் தவறு என்று பட்டது. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1943 வரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் அங்கே வேலை செய்தார்கள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்று. அங்கே கரை கட்டியதும் மலையைக் குடைந்ததும் பெரும்பாலும் கையால்தான். அதுவரை மற்றவர் கையில் மட்டும் பார்த்த கருவியை வெள்ளைக்காரர்களே கையில் பிடித்தார்கள். கைதிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ‘சங்குல்’ பலவிதமான எழுத்துக்கூட்டலோடு அடிக்கடி வருகிறது. கொப்புளம் கண்ட கையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள்.

அதே கரையில் வெட்டிய நம்மவர்களில் பெரும்பாலோர் எதையும் எழுதி வைக்கவில்லை. எண்ணற்றவர்கள் அங்கேயே காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டார்கள். பிழைத்து வந்தவர்கள் வாயால் சொன்னதுதான் பெரும்பாலும் மிச்சம்.

மாணவர்களே, உங்கள் குடும்பத்திலிருந்தோ பழைய தோட்டத்திலிருந்தோ சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா என்று இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். போனவர் பேர், எந்தத் தோட்டம், திரும்பி வந்தாரா என்பதைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே, அவர் கையில் இருந்ததை மம்பட்டி என்று சொன்னாரா, சங்குல் என்று சொன்னாரா என்பதையும் கேளுங்கள்.