பேருந்துப் பட்டறைகளும் ஹெட் கேஸ்கட்டும்: கொங்கு நாட்டில் உதிரிபாகம் தேர்ந்த வரலாறு

எஞ்சினில் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்குக்கும் அவற்றை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கப்படும் மெல்லிய தகடு ஹெட் கேஸ்கட் எனப்படும். பட்டறைகளில் பேக்கிங் என்றும் வழங்கும் இத்தகடு, எரியும் வாயுவின் அழுத்தம் வெளியேறாமலும் குளிர்விக்கும் தண்ணீரும் எஞ்சின் ஆயிலும் ஒன்றோடொன்று கலவாமலும் காக்கிறது. தொடக்ககால எஞ்சின்கள் பலவற்றில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பாக இருந்தமையால் இதற்குத் தேவையே எழவில்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி கழற்றக்கூடிய ஹெட்டைப் பரவலாக்கியபோது பழுதுபார்ப்பு எளிதாயிற்று. கசியக்கூடிய ஓர் இணைப்பும் எஞ்சினுக்குள் வந்து சேர்ந்தது.

கொங்கு நாட்டில் இந்த இணைப்போடு முதலில் மல்லுக்கட்டியவர்கள் பேருந்து முதலாளிகளும் அவர்களிடம் வேலை பார்த்த மெக்கானிக்குகளுமே. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கிய ஒற்றைப் பேருந்து யூ.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1931இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டரின் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டும், 1937இல் கோவையில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்களின் எல்.ஜி.பி. போக்குவரத்து நிறுவனமும் தோன்றின. அக்கால எஞ்சின்களில் எரிபொருளின் கரி விரைவில் படிந்ததால், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. கழற்றும்போதெல்லாம் புதிய கேஸ்கட் தேவைப்பட்டது. செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்துச் செய்யப்பட்ட அந்தக் கேஸ்கட்டும் வண்டியைப் போலவே கப்பலில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளாகி, பேருந்துகள் மரக்கரியிலிருந்து பெறும் வாயுவில் ஓடியபோது, சாம்பல் துகள் சிலிண்டருக்குள் புகுந்து தேய்மானத்தைப் பெருக்கியது. உதிரிபாகம் கிடைப்பதோ மேலும் அரிதாயிற்று.

இத்தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் ஆற்றல் கோவைக்கு இருந்ததற்குக் காரணம் பஞ்சாலைகளே. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் பெருகிய ஆலைகள், அவற்றின் எந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் வார்ப்படச் சாலைகளையும் லேத் பட்டறைகளையும் தம்மைச் சுற்றி வளர்த்துவிட்டதால், தேய்ந்த மோட்டார் பாகத்தைக் கடைந்து சரிசெய்யும் கைகள் அருகிலேயே இருந்தன. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்களுக்கு இந்திய அரசு இடமில்லை என்றதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அவற்றின் வண்டிகள் மட்டும் சாலையில் எஞ்சி நின்றன. செய்தவர் கைவிட்ட எஞ்சினுக்குப் பாகம் தேடும் நிலையில், பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட அளவே பெரிதாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றின் உயிர்நாடி. இந்தச் சூழலிலேயே 1960இல் எல்ஜி எக்யுப்மென்ட்ஸ் சர்வீஸ் நிலையக் கருவிகளைச் செய்யத் தொடங்கியது; எல்.ஜி.பி. வாகனச் சங்கிலி உற்பத்திக்குள் நுழைந்தது. 1972இல் பெரிய நிறுவனங்களின் பேருந்துகள் நாட்டுடைமையாகிச் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

பேருந்தில் பயின்ற இந்த அளவுமுறை பின்னர் ஜீப்புகளுக்கும், இன்று பழைய எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் வண்டிகளுக்கும் பயன்பட்டது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைத் தோட்டங்களுக்குச் செல்லும் சாலையில், அடைபட்ட ரேடியேட்டரும் வேலை செய்யாத தெர்மோஸ்டாட்டும் எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும். ஹெட் அலுமினியமாகவும் பிளாக் வார்ப்பிரும்பாகவும் இருந்தால், அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் ஹெட் வளைந்து கேஸ்கட் கருகும். ஆகவே கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்; கொதிப்புக்குக் காரணமான தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ் ஆகியவற்றையும் சோதித்தே பாகப் பட்டியல் போடப்பட வேண்டும்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் எண். மஹிந்திரா ஜீப்புகள் வில்லிஸின் பெட்ரோல் எஞ்சினில் தொடங்கி, பின்னாளில் 2112 சி.சி. கொள்ளளவுள்ள பெஜோ டீசல் எஞ்சினையும் பெற்றமையால், வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவருக்குத் தவறான கேஸ்கட் கிடைக்கக்கூடும். அடுத்து, ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்து, வளைவு இருந்தால் ஹெட்டைச் சீவிச் சமப்படுத்துவர். டீசல் எஞ்சின் பலவற்றில் பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்பைத் தாண்டி எவ்வளவு எழுகிறது என்பதைப் பொறுத்தே கேஸ்கட்டின் தடிமன் முடிவாகிறது. தடிமன் வேறுபாட்டைக் காட்ட அதன் விளிம்பில் துளையோ வெட்டோ இடப்பட்டிருக்கும். வெட் லைனர், அதாவது தண்ணீர் நேரடியாகச் சூழ நிற்கும் தனிச் சிலிண்டர் குழாய், உள்ள எஞ்சினில் அது பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டி நிற்கிறது என்பதும் அளக்கப்பட வேண்டும். கல்நாரின் இடத்தைக் கிராஃபைட்டும் பல அடுக்கு எஃகுத் தகடும் பிடித்துவிட்ட இக்காலத்தில், எஃகு கேஸ்கட் முன்னைவிட மென்மையாகச் சீவிய பரப்பைக் கேட்கிறது. இறுக்கும்போது நீளும்படி வடிவமைத்த ஹெட் போல்ட்டுகளை மறுமுறை பயன்படுத்துவது, சிக்கனத்தின் பெயரால் செய்யப்படும் பெருந்தவறு.

கோவைத் தொழில் வரலாறு இதுவரை நிறுவனர்களின் வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டுள்ளது. நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் பிடித்தவர்கள் அதில் பெயரின்றி நிற்பது நியாயமன்று. அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் பழைய வண்டிகளைக் காத்து வருவதைப்போல, அத்தகைய வண்டிகளை ஓட வைத்த முதிய மெக்கானிக்குகளின் அளவுமுறைகளைக் கேட்டறிந்து பதிவு செய்யும் பணியைக் கோவையின் பொறியியல் கல்லூரிகள் உடனே மேற்கொள்ள வேண்டும்.