சட்ட ஏட்டில் ஒரு குடம் தண்ணீர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, சேரிகளின் தோற்றம் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட வினா மனத்தை விட்டு அகலவில்லை. "தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டார்களே ஐயா, பிறகு எதற்கு இத்தனை சட்டங்கள்?" என்றான் அவன். அன்று மணி அடித்துவிட்டதால் விடை கூறாது நழுவினேன். அந்த விடையையே இங்கு எழுதுகிறேன்.

மனிதன் செய்யும் செயல் ஒன்றுதான். அதற்குச் சட்டம் சூட்டும் பெயரோ காலந்தோறும் மாறுகிறது. ஒருவன் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கச் செல்கிறான், மற்றொருவன் அவனைத் தடுக்கிறான். இச்செயல் ஒரு காலத்தில் 'வழக்கம்' எனப்பட்டது. பின்னர் 'குடிமை இடையூறு' ஆயிற்று. அதன்பின் 'குற்றம்' ஆயிற்று. இன்று 'வன்கொடுமை' என்ற பெயரையும் பெறுகிறது. கிணறும் குடமும் அன்றிருந்தவைதாம்.

வெள்ளையர் ஆட்சி வந்தவுடன் சட்டத்தின் முன் அனைவரும் சமமாயினர் என்று நம்மில் பலர் கருதுகிறோம். சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ரெகுலேஷனைப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. வசைமொழி, சிறு கைகலப்பு போன்ற அற்ப வழக்குகளில் தண்டனை அளிக்கும் அதிகாரத்தை அது கிராமத் தலைவர்க்கு வழங்கியது. குற்றவாளியைப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேற்படாமல் சாவடியில் அடைத்து வைக்கலாம். அவன் தாழ்ந்த சாதியினனாக இருப்பின், அத்தகைய இழிவான தண்டனை அவனுக்குப் பொருந்தாததன்று என்ற காரணத்தால், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். இருவர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டால் ஒருவருக்குச் சாவடித் திண்ணை, மற்றவருக்குக் கால் நுழைக்கத் துளையிட்ட மரக்கட்டை! செயலை அளந்த பின்னர், செய்தவனின் பிறப்பையும் அளந்தது அச்சட்டம். மணிக்கணக்கில் நமக்குப் பாதி குறைத்துத் தந்தார்களே என்று மகிழ்வதற்கில்லை. சாவடியில் இருந்தவனை எவரும் வேடிக்கை பார்க்கவில்லை.

அடிமை முறையிலும் இதே கதைதான். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை மீது ஆண்டைக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கா என்று மட்டுமே கூறியது. ஆளை விலைக்கு வாங்குவதும் விற்பதும் குற்றமானது, 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தால்தான். பண்ணையாள் பட்ட கடனுக்காக அவன் பிள்ளையும் உழைக்கும் முறையைக் கொத்தடிமை என்று பெயரிட்டு ஒழிக்க 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிணற்றுக்கு வருவோம். மராட்டிய நாட்டில் மகாடு என்னும் ஊரில் சவதார் குளம் உள்ளது. அந்நகராட்சி அதனை அனைவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் செய்திருந்தும் நம் மக்கள் எவரும் அதில் இறங்கத் துணியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களுடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். இந்நிகழ்ச்சியை நாம் ஆண்டுதோறும் மேடையில் பேசுகிறோம். அதன் பின்னர் நடந்த வழக்கைப் பேசுவோர் குறைவு. அவ்வாண்டு இறுதியிலேயே சாதி இந்துக்கள் அண்ணல் மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். தீண்டத்தகாதார் அக்குளத்தில் நீர் எடுக்காமை தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்பது அவர்கள் வாதம். வழக்கு நீண்டு, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றி அண்ணலுக்கே.

ஆனால், இளைஞர்களே, அத்தீர்ப்பின் அடிப்படையைக் கூர்ந்து நோக்குங்கள். இத்தகைய வழக்கம் மனிதத்தன்மைக்கு ஒவ்வாதது, ஆதலின் செல்லாது என்று நீதிமன்றம் கூறவில்லை. வழக்கம் தொன்மையானது என்பதை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை என்றே கூறியது. மெய்ப்பித்திருந்தால்? அக்காலச் சட்டத்தில் 'வழக்கம்' என்ற சொல்லுக்கு அவ்வளவு வலிமை இருந்தது. நீர் அருந்தியவர் பிரதிவாதிக் கூண்டில் நின்றார், தடுத்தவர் வாதியாக நின்றார் என்பதே என் உள்ளத்தை உறுத்துகிறது.

அடுத்த ஆண்டே நம் மாகாணத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1938ஆம் ஆண்டின் சென்னைக் குடிமை இடையூறுகள் ஒழிப்புச் சட்டம், பொதுச் சாலை, கிணறு, ஊர்தி முதலியவற்றில் நம்மைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அதற்கு முன்னின்று உழைத்தவர் பெருந்தலைவர் எம்.சி.ராஜா. தண்டனை என்னவோ சிறு அபராதந்தான். எனினும் முதன்முறையாகத் தடுத்தவன் பெயர் ஏட்டில் ஏறும் வழி பிறந்தது.

1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்பு விதியை நிறைவேற்றியது. இன்று 17ஆம் உறுப்பாக இருப்பது அதுவே. தீண்டாமை என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை. சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டு நிறுத்திக்கொண்டது. சொல்லை மாற்றித் தெளிவுபடுத்த வேண்டும் என்று சபையில் ஒருவர் கொணர்ந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. வரையறை இல்லாமை குறை என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பின்னர் மைசூர் உயர்நீதிமன்றம் அந்த மேற்கோள் குறிக்கே பொருள் கண்டது. தொடாமை என்னும் அகராதிப் பொருளை அது குறிக்காது, இந்நாட்டில் வரலாற்று வழியே வளர்ந்த கொடுமையையே குறிக்கும் என்றது. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு, இரண்டு சிறு குறிகள் இத்தனை சுமை தாங்கும் என்று அதுவரை தெரியாது.

விதியை நிறைவேற்ற வந்ததே 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். கடை, உணவு விடுதி, கிணறு, கோயில், பள்ளி, மருத்துவமனை என அது இடம் இடமாகப் பெயர் சொல்லிக் குற்றத்தை வகுத்தது. விடுதியில் உள்ள பாத்திரத்தைப் பயன்படுத்தத் தடை செய்வதும் அதில் அடங்கும். பட்டியல் சாதியைச் சார்ந்தவர்க்கு இச்செயல் நேர்ந்திருப்பின், அது தீண்டாமையின் பொருட்டே நேர்ந்தது என்று நீதிமன்றம் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவன் கடமை. இது பெரிய மாற்றம்.

எனினும், நான் சிறுவனாக இருந்த காலத்தில், அதாவது அச்சட்டம் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும், எங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் கூரை விளிம்பில் எங்களுக்கெனத் தனிக் குவளைகள் செருகப்பட்டிருந்தன. என் தந்தையார் தாமே எடுத்து, குடித்து, கழுவி, மீண்டும் செருகுவார். அவர் அதனைக் குற்றம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஊர் வழக்கம்" என்பார். சட்ட ஏட்டில் மாண்டுபோன அந்தச் சொல் எங்கள் தெருவில் உயிரோடிருந்தது.

அச்சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. நீதிமன்ற அனுமதியுடன் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொள்ளலாம். பண்ணையில் கூலி வாங்குபவன் பண்ணையாருடன் செய்யும் சமரசம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதி தந்த தலைவர் இளையபெருமாள் அவர்களின் தலைமையில் 1965இல் அமைந்த குழு, நாடெங்கும் ஆய்ந்து 1969இல் அறிக்கை அளித்தது. 1976இல் சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற புதுப் பெயர் பெற்றது. சமரச வாயில் அடைக்கப்பட்டது. அபராதத்தோடு தப்ப இயலாதவாறு குறைந்தது ஒரு மாதச் சிறை என்றாயிற்று. செத்த மாட்டை அப்புறப்படுத்தும்படி தீண்டாமையின் பேரில் வற்புறுத்துவதும் குற்றமாயிற்று.

தடுப்பது குற்றம் என்று எழுதியாயிற்று. கொளுத்துவதை என்னென்பது? 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் ஒரு குடிசைக்குள் வெந்து மாண்டன. கொலை, தீவைப்பு என்ற சொற்கள் சட்டத்தில் இருந்தன. ஆனால் ஒரு சமுதாயத்தையே அச்சுறுத்தி அடக்குவதற்காகச் செய்யப்படும் கொலைக்கென்று தனிச் சொல் இல்லை. 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அத்தனித்தன்மையை ஏற்று, 'வன்கொடுமை' என்ற சொல்லுடன் 1989ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1990 சனவரி 30 முதல் அது நடைமுறையில் உள்ளது. நம் வயலைப் பறித்தல், குடிநீரை மாசுபடுத்தல், அருவருக்கத்தக்கவற்றை உண்ணச் செய்தல், பலர் காண இழிவுபடுத்தல் என்று அதன் 3ஆம் பிரிவு ஒவ்வொன்றாகக் கூறுகிறது. அதைப் படிக்கையில், சட்டத்தைப் படிப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை. பாட்டி சொன்ன கதைகளை எவரோ எண்ணிட்டு எழுதியது போலிருக்கிறது.

கிணற்று வழக்கு ஒன்று 1992இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. கருநாடகத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் நீர் எடுத்தவரைத் துப்பாக்கி காட்டித் தடுத்த வழக்கு அது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்தவர்களின் தண்டனையை உச்சநீதிமன்றம் மீட்டளித்தது. மகாடு தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

ஒற்றைச் சொல்லால் வழக்கு வீழ்வதும் உண்டு. கொலை போன்ற பெருங்குற்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' செய்யப்பட்டிருக்க வேண்டும் என 1989ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. காரணம் மனத்துள் இருப்பது, அதை எப்படி மெய்ப்பிப்பது? நிலத் தகராறு, முன்விரோதம் என்று சொல்லித் தப்பினர். 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அச்சொற்கள் நீங்கி, பட்டியல் சாதியினர் என்று 'அறிந்து' செய்தாலே போதும் என்றாயிற்று. ஓர் ஊரில் யார் எத்தெரு என்று அறியாதார் எவர்?

இந்திய தண்டனைச் சட்டமே 2024 சூலை முதல் நீங்கிப் புதுச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின. ஆனால் எந்த எண் எழுதப்படுகிறது என்பது இன்றும் காவல் நிலையத்து மேசையில்தான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் இரவு எட்டு மணிக்கு என் வீட்டிற்கு வந்தான். திருவிழாவில் பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி அவனை அடித்திருந்தனர். காவல் நிலையத்தில் 'மது அருந்தியதால் ஏற்பட்ட வாய்த்தகராறு' என்று எழுதித் தரச் சொன்னார்களாம். அவன் மதுவைத் தொட்டவன் அல்லன். இடம், நேரம், உடனிருந்தோர் பெயர், சொல்லப்பட்ட சொல் ஆகியவற்றை அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். அச்சொல்லை மட்டும் அவன் சொல்லத் தயங்கினான். "மரியாதையாக மாற்றி எழுதலாமா ஐயா?" என்றான். கூடாது, எது சொல்லப்பட்டதோ அதையே எழுது என்று பேனாவை அவனிடம் தந்தேன். நிலையத்தில் பெற மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலமாக அஞ்சலில் அனுப்பலாம் என 1995ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மறுநாள் காலை அஞ்சலகம் திறந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாம் வாரத்தில் துணைக் கண்காணிப்பாளர் விசாரணைக்கு ஊருக்கு வந்தார்.