ஹாரிசன் சாலையின் கோட்டை வாத்தியம்

ஜாதவ்பூரில் உள்ளூர் ரயிலேறிச் சியால்தாவில் இறங்கி, மகாத்மா காந்தி சாலையில் மேற்கு நோக்கி நடந்தால் கல்லூரித் தெருச் சந்திப்பு வரும். நம்மில் பெரும்பாலோர் அங்கே புத்தகக் கடைகளின் பக்கம் திரும்பிவிடுவோம். திரும்பாமல் நேரே சென்றால் இருபுறமும் பேண்டுக் கடைகள் தொடங்குகின்றன. ஒருவர் நிற்கவும் இருவர் அமரவும் மட்டுமே இடமுள்ள கடைகள். சுவரில் பொன்னிறச் சரிகையிட்ட சிவப்புக் கோட்டுகளும் அணி அணியாய்த் தொங்கும் எக்காளங்களும் காணப்படும். மெஹ்பூப் பேண்டு போன்ற பழம்பெயர்களை இன்றும் பலகைகளில் படிக்கலாம். சாலையின் பழைய பெயர் ஹாரிசன் சாலை. ஹௌரா, சியால்தா என்னும் இரு பெரும் ரயில் நிலையங்களை இணைக்கும் வழி இது. வாத்தியக்காரரும் வாடிக்கையாளரும் ஒருங்கே வந்திறங்கும் இடத்தில் இத்தொழில் நிலைகொண்டதில் வியப்பில்லை.

வங்காளிகள் இவ்விசைக்கு இட்ட பழம்பெயர் 'கொடேர் பாத்தி'. 'கொட்' என்பது கோட்டை. எனவே 'கோட்டையின் வாத்தியம்'. வில்லியம் கோட்டையை ஒட்டிய திறந்தவெளிக்குக் 'கொடேர் மாட்' என்று பெயர் வழங்குவதும் இதே வழியில்தான். படைப்பிரிவுகளின் வாத்தியக் குழுக்கள் ஈடன் தோட்டத்தில் மாலை வேளைகளில் வாசித்தன, நகரம் கேட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வக் குடும்பங்கள் அவ்வோசையைத் தம் வீட்டு ஊர்வலங்களுக்கும் விரும்பின. படையிலிருந்து விலகிய வாத்தியக்காரரும், ஆங்கிலோ-இந்தியரும், கோவாவினரும் முதலில் அத்தேவையை நிறைவு செய்தனர். பின்னர் அத்தொழில் படிப்படியாக வட இந்திய முஸ்லிம் வாத்தியக் குடும்பங்களின் கைக்கு வந்தது. அரசின் அதிகாரத்தை அறிவிக்கப் பிறந்த ஓசை மாப்பிள்ளையின் அதிகாரத்தை அறிவிக்கும் ஓசையாயிற்று. கோட்டுகளின் தோள்பட்டைக் குஞ்சங்கள் இன்னும் அந்தப் பிறப்பைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இக்கதை புதிதன்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) ஐரோப்பிய முறையிலான வாத்தியக் குழுவை அரண்மனையில் வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அக்காலத்துப் படைக்குழு மெட்டுகளில் எழுந்தவை. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் உண்டு. தஞ்சைச் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்த கிளாரினெட், ஏ.கே.சி. நடராஜன் காலத்தில் சபை மேடையில் முழுக் கச்சேரி வாத்தியமாகவே அமர்ந்தது. அதே கிளாரினெட் ஹாரிசன் சாலையில் தெருவை விட்டு ஏறவில்லை. கருவி ஒன்றே, வாசிப்பவர் யார், எங்கே நின்று வாசிக்கிறார் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானித்திருக்கிறது.

நம் திருமணத்தில் நாகசுரமும் தவிலும் முகூர்த்தத்தோடு பிணைந்தவை. தாலி கட்டும் கணத்தில் கெட்டிமேளம் முழங்காவிட்டால் சடங்கிலேயே குறை நேர்ந்ததாகக் கருதுவோம். வங்காளத்தில் வாயிலின்மேல் நகபத் மேடையில் ஒலித்த ஷெனாய்க்கும் ஏறத்தாழ இத்தகைய தகுதி இருந்தது. பேண்டுக்கு அத்தகுதி எங்குமில்லை. நம்மூர் ஜானவாசத்திலும் சரி, படாபஜார் மார்வாரிக் குடும்பங்களின் பராத் ஊர்வலத்திலும் சரி, அது வாயில்வரை வந்து நின்றுவிடும். மணமக்கள் உள்ளே செல்வர். வாத்தியக்காரர் வெளியே நின்று, கோட்டைக் கழற்றி, கூலிக்குக் காத்திருப்பர். சடங்கின் உள்ளே ஒலிப்பதை 'மங்கல இசை' என்றும் வெளியே ஒலிப்பதைச் 'சத்தம்' என்றும் பிரிக்கும் இந்த வாயிற்படியே, எந்த இசைக்கு வரலாறு எழுதப்பட்டது, எதற்கு எழுதப்படவில்லை என்பதையும் பிரித்திருக்கிறது என்பது என் கருத்து.

நாகசுரத்துக்கும் தவிலுக்கும் பி.எம். சுந்தரத்தின் 'மங்கல இசை மன்னர்கள்' போன்ற வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு இருக்கிறது. இந்துஸ்தானி இசைக்கு, 1902இல் கிராமபோன் நிறுவனத்தார் இதே நகரில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தது முதல் ஒலித்தட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைத் திரட்டிக் காப்பதில் நம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள் ஆவணப் பள்ளி செய்திருக்கும் பணி எல்லோரும் அறிந்ததே. பேண்டுக்கோ, கிரெகரி பூத் எழுதிய 'பிராஸ் பாஜா' (2005) என்ற ஒரு நூலைத்தான் நாம் அனைவரும் திரும்பத் திரும்பப் புரட்டுகிறோம்.

ஆயினும் இவ்விரு உலகங்களுக்கும் இடையே சுவர் இருந்ததில்லை. மைஹர் உஸ்தாத் அலாவுதீன் கான் இளமையில் இந்நகரில்தான் லோபோ என்ற கோவா நாட்டு வாத்தியத் தலைவரிடம் வயலின் பயின்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னாளில் ஆதரவற்ற சிறுவர்களைக் கொண்டு அவர் அமைத்த குழுவுக்கு 'மைஹர் பேண்டு' என்றே பெயர். ரவிசங்கரின் குருவுக்கு அச்சொல்லில் இழிவு எதுவும் தோன்றவில்லை.

தொழிலின் நடைமுறை இசையைவிடக் கடுமையானது. வாத்தியக்காரர் பலர் பீகார், உத்தரப் பிரதேசக் கிராமங்களிலிருந்து பருவத்துக்குப் பருவம் வருபவர்கள். உரிமையாளர் முன்பணம் கொடுத்து அவர்களைப் பிடித்துவைக்கிறார். பருவம் முடியும்போது கடன் முடிவதில்லை. சாதுர்மாச நான்கு மாதங்களில் வட இந்தியக் குடும்பங்களில் திருமணமில்லை. அம்மாதங்களில் எக்காளம் சுவரில் தொங்க, அதை ஊதியவர் வயலுக்கோ வேறு கூலிக்கோ செல்கிறார். எக்காளங்களில் பல மீரட்டின் ஜாலி கோட்டியிலிருந்து வருபவை. அங்கு 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனமும் ஒரு படைக்குழு வாத்தியக்காரரின் பெயரால் எழுந்ததே. திரைப்பாடல்களைப் பெரும்பாலும் காதால் கேட்டே கற்கின்றனர். வாத்தியத் தலைவர் முதலடியை ஊதினால் மற்றவர் பின்தொடர்வர். இதை எளிதென்று எண்ணுவோர், நெரிசலில் நடந்துகொண்டே யூஃபோனியம் வாசித்துப் பார்க்கட்டும்.

சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சமயச் சடங்குகளில் பாடலை நிகழ்த்துவது உரிமை மீறலாகாது என்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அதனுள் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மீண்டும் வலியுறுத்தி அறிவிப்பு வெளியிட்டது. பண்பாட்டு நூல்கள் வாயிற்படிக்கு வெளியே நிறுத்திய ஊர்வலத்தைச் சட்டம் சடங்குக்கு உள்ளே சேர்த்துவிட்டது! ஆனால் அவ்விலக்கால் பயனடையும் திருமண வீட்டார் இன்று ஒலிபெருக்கி வண்டியையும் டிஜேயையும் அமர்த்துகின்றனர். பேண்டில் முப்பது பேர் நடந்த இடத்தில் பத்துப் பேர் நடக்கின்றனர்.

இக்கடைகளின் பதிவுப் புத்தகங்களே என் முதன்மைச் சான்றுகள்: தேதி, முகவரி, ஆட்களின் எண்ணிக்கை, முன்பணம். வாசித்தவர் பெயர் ஒன்றும் அவற்றில் இல்லை. அவையும் மழைக்காலக் கசிவில் ஆண்டுதோறும் சில அழிகின்றன. சென்ற ஆண்டு ஒரு கடையில் நான் கேட்டுச் சென்றபோது பழைய கட்டு எடைக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது. ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டன், பாட்டி காலத்துத் திருமணச் செலவுக் கணக்கேடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேளத்துக்குக் கொடுத்ததை அடுத்து 'பேண்டு', 'காஸ் லைட்' என்று ஒரு வரி இருக்கக்கூடும். ஊர், ஆண்டு, தொகை மூன்றையும் குறித்து அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள்; குடும்பப் பெயரை மறைத்துவிடலாம். அவ்வரியில் யாரேனும் வாத்தியக்காரர் பெயர் எழுதப்பட்டிருந்தால் அதை மட்டும் மறைக்க வேண்டாம்.