வீட்டுப் புரொஜெக்டர்: சிக்கனச் செலவில் திரைப்படத்துக்கும் வீடியோ விளையாட்டுக்கும்

வீட்டுப் புரொஜெக்டர் என்பது, தொலைக்காட்சிப் பெட்டியைப் போலத் தானே ஒளிரும் பலகையைக் கொண்டிராமல், தனக்குள் பிறக்கும் ஒளியை ஒரு சிறிய படிமத் தகட்டின் உதவியால் படமாக்கி, லென்ஸின் வழியே எதிரேயுள்ள சுவரிலோ திரையிலோ பெரிய பிம்பமாக விழச் செய்யும் சாதனமாகும். 1659-ஆம் ஆண்டில் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கிய மாய விளக்கு இதற்கு மூதாதை. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில மௌனப் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டி, பின்னர் 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கையும் நிறுவினார். அன்று கூடாரத்துக்குப் போய்க் காண வேண்டியிருந்த காட்சி இன்று நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயினும் எந்த யந்திரத்தை வாங்குவது என்ற விஷயத்தில், வாங்குபவருக்கு வழிகாட்டும் செய்தியைக் காட்டிலும் அவரை மயக்கும் செய்தியே சந்தையில் மிகுந்திருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆராய வேண்டியது அறையை. புரொஜெக்டரால் ஒளியை வீச முடியுமேயொழிய இருளை வீச முடியாது. படத்தில் கறுப்பாகத் தோன்ற வேண்டிய இடம், யந்திரத்தின் ஒளி விழாது விட்ட திரையின் சொந்த நிறமே. ஆகவே சன்னல் வழியே புகும் பகல் வெளிச்சத்தில் அந்தத் திரை எவ்வளவு வெளுத்துக் கிடக்கிறதோ, அந்த வெளுப்பே அன்றைய படத்தின் மிகக் கரிய கறுப்பாகும். இதை ஒரு கணக்கால் விளக்கலாம். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள அகலத்திரையின் அகலம் ஏறக்குறைய 221 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர், பரப்பு ஏறக்குறைய இரண்டேமுக்கால் சதுர மீட்டர். டிஜிட்டல் திரையரங்குகளுக்கென்று வகுக்கப்பட்டிருக்கும் பிரகாசப் பிரமாணம் சதுர மீட்டருக்கு 48 காண்டெலா. அதே பிரகாசத்தைச் சாதாரண வெள்ளைத் திரையில் பெறுவதற்கு, நன்கு இருட்டாக்கிய அறையில், மெய்யாகத் திரைமேல் வந்து விழ வேண்டிய ஒளி ஏறக்குறைய 420 லூமன்ஸ் மட்டுமே. திரையை 120 அங்குலமாக்கினால் அது 600 லூமன்ஸ் ஆகும். இவ்வளவு சொற்பமான ஒளியா என்று வியப்பவர்கள், 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஒன்று ஏறக்குறைய 2000 லூமன்ஸ் ஒளியைக் கூடம் முழுவதும் இறைக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த விளக்கு எரியும் கூடத்தில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 3000 லூமன்ஸுக்கு மேற்பட்ட யந்திரமும் போதாமல் போகக்கூடும்; விளக்கை அணைத்துச் சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டுவிட்டால், அதில் பாதி சக்தியுள்ள யந்திரமே நிறைவான காட்சியைத் தரும். கையில் உள்ள பணம் குறைவாக இருக்கும்போது, திரைச்சீலைக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் யந்திரத்துக்குச் செலவிடும் ரூபாயைவிட அதிகப் பலன் தருகிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் உறுதியான அபிப்பிராயம்.

லூமன்ஸ் என்ற சொல்லே இன்று பெரிதும் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாகியிருக்கிறது. ஆன்சி லூமன்ஸ் என்னும் முறைப்படி, முழு வெண்மையாக ஒளிரும் திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒளிமானியை வைத்து அளந்து, ஒன்பதின் சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்கிச் சொல்கிறார்கள். நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று இருந்து மூலைகள் மங்கியிருக்கும் யந்திரம் இந்த அளவையில் தப்பிக்க முடியாது. ஆனால் ஐந்தாயிரம், எட்டாயிரம் ரூபாய்க்கு விற்பனையாகும் சிறு கருவிகளின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 9000 லூமன்ஸ், 12000 லூமன்ஸ் என்பன எந்தப் பிரமாணத்துக்கும் கட்டுப்படாதவை. உள்ளேயிருக்கும் எல்.இ.டி. விளக்கு உமிழும் ஒளியைச் சொல்லும் எண்ணாக அவை இருக்கலாம், விற்பவரின் ஆசையைச் சொல்லும் எண்ணாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட கருவிகளில் பலவற்றிலிருந்து இருநூறு முந்நூறு ஆன்சி லூமன்ஸ் கிடைத்தாலே பெரிது.

பெட்டியின்மேல் காணும் இரண்டாவது மயக்கச் சொல் ‘சப்போர்ட்’ என்பது. 1080 சப்போர்ட், 4கே சப்போர்ட் என்று எழுதியிருந்தால், அவ்வளவு நுணுக்கமான படத்தை அந்த யந்திரம் உள்வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள்; வெளியிடும்போது தன் தகட்டில் உள்ள புள்ளிகளின் அளவுக்கு அதைச் சுருக்கியே காட்டும். ‘நேட்டிவ்’ ரெசல்யூஷன் எவ்வளவு என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். 1920 × 1080 என்றால் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். 854 × 480 என்றால் நான்கு லட்சத்துச் சொச்சமே. பத்தடி தூரத்திலிருந்து படத்தின் அடியில் ஓடும் வசன வரிகளைப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள பேதம் பிரத்தியட்சமாகும். குறைந்த புள்ளியுள்ள யந்திரத்தில் எழுத்தின் வளைவுகள் படிக்கட்டு போல உடைந்து நிற்கும்.

படிமத்தை உண்டாக்கும் முறைகளில், சிக்கன விலையில் கவனத்துக்குரியவை இரண்டு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லை அடிப்படையாகக் கொண்டது டி.எல்.பி. முறை. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கேயுள்ள லட்சக்கணக்கான கண்ணாடிகள், விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இருபுறமும் சாய்ந்து, ஒளியை லென்ஸுக்குள் அனுப்பியும் விலக்கியும் படத்தைத் தீட்டுகின்றன. விலை குறைந்த யந்திரங்களில் இப்படிப்பட்ட சில்லு ஒன்றே இருப்பதால், சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் வண்ணச் சக்கரம் ஒன்று அதன்முன் சுழல்கிறது. இந்தச் சுழற்சியைச் சிலருடைய கண் பிடித்துவிடும். அவர்களுக்குப் பளிச்சென்ற பொருள்களின் ஓரத்தில் வானவில் தெறிப்பது போன்ற தோற்றம் உண்டாகி, தலைவலியும் வரக்கூடும். பரீட்சை எளிது: கரிய பின்னணியில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் வரும் இடத்தை நிறுத்திவைத்து, பார்வையைத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வெடுக்கென்று திருப்பினால், அந்தக் கண்ணுக்கு இந்தத் தோஷம் புலப்படுமா என்பது உடனே தெரிந்துவிடும். வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரு முறை அப்படிப் பார்க்கச் சொல்வது நல்லது. மற்றொன்று, எப்சன் நிறுவனம் பரவலாகக் கையாளும் மூன்று தகடு எல்.சி.டி. முறை. இதில் மூன்று நிறங்களும் ஒரே சமயத்தில் திரைக்கு வருவதால் வானவில் தோற்றத்துக்கு இடமில்லை; நிறங்களும் செழிப்பாக இருக்கும். ஆனால் சிக்கன வகைகளில் கறுப்பு சற்றுச் சாம்பல் பூத்துத் தெரியும். தூசி வடிகட்டியையும் கிரமமாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

திரைப்படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஆராய்ச்சி ஏறக்குறைய இங்கே முடிந்துவிடும். வீடியோ விளையாட்டு என்று வந்தவுடன், பெட்டியின்மேல் பெரும்பாலும் அச்சிடப்படாத ஒரு குணம் பிரதானமாகிறது. கிரிக்கெட் விளையாட்டில் பந்து தரையில் குத்தி எழும்பும் கணத்தில் பையன் பொத்தானை அழுத்துகிறான். திரையில் மட்டை வீசப்படுவது அதற்குச் சற்றுப் பின்னர்தான் தெரிகிறது. அதற்குள் ஸ்டம்பு சாய்ந்துவிடுகிறது. தவறு பையனுடையதன்று. யந்திரம் தனக்கு வந்த படத்தை மெருகேற்றுவதற்காக உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் காலதாமதமே காரணம். இதையே இன்புட் லேக் என்கிறார்கள். விநாடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிவிநாடி, 120 படங்கள் என்றால் 8.3 மில்லிவிநாடி. தாமதம் ஓரிரு படங்களுக்குள் அடங்கினால் கைக்கும் கண்ணுக்கும் உள்ள இணக்கம் கெடாது. 50 மில்லிவிநாடியைத் தாண்டினால் வேகமான விளையாட்டுகளில் தேர்ந்த கையும் தடுமாறும். விளையாட்டை உத்தேசித்தே செய்யப்பட்ட பென்க்யூ டி.எச்.685 போன்ற டி.எல்.பி. யந்திரங்கள், 1920 × 1080 நுணுக்கத்தில் விநாடிக்கு 120 படங்கள் ஓடும்போது 8.3 மில்லிவிநாடி தாமதத்தையே கொண்டவை. எந்த யந்திரமானாலும் ‘கேம் மோட்’ என்ற அமைப்பை இயக்கி, கோணலைச் சரிசெய்யும் கீஸ்டோனை அணைத்துவிடுவது உசிதம். கீஸ்டோன் படத்தின் புள்ளிகளைத் தின்பதோடு, பல யந்திரங்களில் தாமதத்தையும் கூட்டுகிறது. புளூடூத் ஒலிபெருக்கியும் ஒலியைப் பிந்தி ஒலிக்கச் செய்வதாகையால், விளையாடும்போது கம்பி இணைப்பே நலம்.

யந்திரத்துக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ என்னும் விகிதம். பத்தடி நீள அறையில், யந்திரத்தின் உடலும் பின்னால் காற்றுக்கு விட வேண்டிய இடமும் போக லென்ஸுக்கு முன்னே ஒன்பதடி மிஞ்சும் என்று கொண்டால், 1.5 விகிதமுள்ள யந்திரம் ஆறடி அகலப் படத்தையே, அதாவது ஏறக்குறைய 83 அங்குலத் திரையையே தரும். அங்கே 100 அங்குலத்தை விரும்புபவர் விகிதம் குறைந்த வகையைத் தேட வேண்டும், 0.5 விகிதமுள்ள குறுந்தூர வகைக்கு நாலடியே போதும்.

மெர்க்குரி விளக்கு உள்ள யந்திரங்களில் விளக்கு சில ஆயிரம் மணி நேரத்தில் பாதியாக மங்கிவிடும். மாற்று விளக்கின் விலையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்.இ.டி. விளக்குகள் இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேலும் உழைக்கும். மெர்க்குரி விளக்கு அணைந்த பின்னும் உள்ளே விசிறி சிறிது நேரம் சுழன்று சூட்டைத் தணிப்பதால், மின்சாரம் சட்டென்று நிற்கும் ஊர்களில் ஒரு சிறிய யு.பி.எஸ். இருப்பது விளக்கின் ஆயுளுக்கு நன்மை.

ஆகவே சிக்கனமாக வாங்க விரும்புபவருக்கு, நேட்டிவ் 1920 × 1080 நுணுக்கமும், ஆன்சி முறையில் அளந்த 2000 லூமன்ஸுக்குக் குறையாத ஒளியும், கேம் மோடும் உள்ள யந்திரமே தகுதியானது. மலிவான 4கே வாக்குறுதிகளை அவர் தயங்காமல் ஒதுக்கலாம். வாசகர்கள் கடைக்குப் புறப்படுமுன் தங்கள் அறையின் நீளத்தை டேப்பால் அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, கூடுமானால் தங்கள் விளையாட்டுப் பெட்டியையும் கையோடு எடுத்துச் சென்று, கடை விளக்குகளை அணைக்கச் சொல்லி, பத்து நிமிஷமாவது விளையாடிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.