பறை வட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு: அடித்த வரலாறும் மறுத்த வரலாறும்

கல்லூரிக் கலைவிழா, மே தினப் பேரணி, ஏப்ரல் 14 ஊர்வலம், புத்தகத் திருவிழாத் திடல் என்று இன்று பறை ஒலிக்காத இடம் குறைவு. வார இறுதிப் பயிற்சி வகுப்புகளில் எல்லாச் சாதிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வட்டமாக நின்று அடவு பழகுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வட்டத்தைப் பார்ப்பது அரிது. இந்த மாற்றத்தை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்.

அதே வட்டங்களில் ஒரு கேள்வியும் அடிக்கடி எழுகிறது. "பறை எல்லாத் தமிழருக்கும் பொதுவான இசைதானே, இதில் எதற்குச் சாதியைப் பேசுகிறீர்கள்?" கேட்கிறவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. வரலாற்றைச் சொல்வதே பதில்.

முதலில் பறை எப்படி ஆட்களைச் சேர்க்கிறது என்பதைப் பார்ப்போம். வளைத்த மரத்துண்டுகளை இணைத்துச் சட்டம் செய்து, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை ஒட்டுகிறார்கள். அடிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்சுகிறார்கள். சூட்டில் தோல் இறுகி ஒலி எழும்புகிறது. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டால் வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி. கால்கள் கட்டற்று இருக்கின்றன. அதனால் அடிக்கிறவரே ஆடுகிறவர். இசைக்கலைஞர் தனி, ஆட்டக்காரர் தனி என்ற பிரிவு இங்கே கிடையாது. ஒருவர் கண்ணால் காட்டும் சைகைக்கு அடி மாறுகிறது, அடவும் கூடவே மாறுகிறது. ஏடு வேண்டாம், பாடத்தை வாயால் சொல்லியே கற்கலாம். பறை இல்லாதவரும் கைதட்டி, கால் மாற்றி உள்ளே நுழையலாம். மேடையும் நாற்காலி வரிசையும் இல்லாத கலை இது. பார்க்க வந்தவர் பத்து நிமிடத்தில் ஆடுகிறவராகிவிடுகிறார்.

இவ்வளவு எளிதாக எல்லோரையும் சேர்க்கக்கூடிய கருவியை இந்தச் சமூகம் பல நூறு ஆண்டுகள் எதற்குப் பயன்படுத்தியது?

கைகோத்து ஆடுவது தமிழ் நிலத்துக்குப் புதியதல்ல. போரில் வென்ற அரசன் தன் வீரர்களோடு ஆடும் குரவையைத் தொல்காப்பியம் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் எழுவர் வட்டமாக நின்று கைகோத்துக் குரவை ஆடுகிறார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தொல்காப்பியம் பறையையும் வைக்கிறது. அன்று பறை என்பது தோற்கருவிகள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். புறநானூற்றின் 335ஆம் பாட்டு, பறை கொட்டுகிறவர்களை நான்கு குடிகளில் ஒன்றாக மதிப்போடு எண்ணுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் பல பாசுரங்களில் பறை என்ற சொல் வருகிறது. அந்தச் சொல்லில் இழிவின் நிழல்கூட இல்லை.

"பார்த்தீர்களா, பொதுக்கலைதான்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த பக்கத்தையும் நாம் படிக்க வேண்டும்.

11ஆம் நூற்றாண்டில் இராசராச சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் தனித்தனியே பதிவாகியிருக்கின்றன. கருவியின் பெயர் ஒரு குடியிருப்பின் பெயராகிவிட்டது. அந்தக் குடியிருப்பும் ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்டுவிட்டது. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள் இன்னொரு செய்தியைச் சொல்கின்றன. தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளும் உரிமையை அரசன் கம்மாளருக்கு வழங்குகிறான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் முரசு ஒலிக்கச் செய்வதற்கே அரசாணை தேவைப்பட்டிருக்கிறது என்றால், அது எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்திருக்க வேண்டும்! யாருக்காகக் கொட்டப்பட்டதோ அவருக்கு அது மரியாதை. ஊருக்குக் கொட்ட வேண்டும் என்று ஒரு சாதியின் மேல் விதிக்கப்பட்டபோது, கொட்டியவருக்கு அது ஊழியம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பறையின் வரலாற்றைப் பேச முடியாது.

அந்த ஊழியம் எப்படி நடந்தது? ஊரில் சாவு விழுந்தால் சேரிக்குச் சேதி வரும். காய்ச்சலோ, வயல் வேலையோ, சொந்த வீட்டில் விசேஷமோ, எதுவாக இருந்தாலும் போயாக வேண்டும். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, இழவு சொல்லப் போவது, தண்டோரா போடுவது, குழி வெட்டுவது எல்லாம் இந்த ஊழியத்தின் கிளைகள். கூலி என்று பேசி முடித்த தொகை கிடையாது. அறுவடைக் களத்தில் கொஞ்சம் தானியம் அளப்பார்கள். அந்தப் பங்குக்கு வருவாய்த்துறைப் பதிவுகளில் "சுதந்திரம்" என்று பெயர்! மாட்டேன் என்று சொல்ல முடியாதவருக்குக் கிடைத்த நெல்லுக்கு அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

காலனிய காலத்தில் இதே சொல் ஆங்கிலத்துக்குள் போய், ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லாக உலகம் முழுக்கப் பரவியது. இதை எதிர்கொள்வதில் நம் முன்னோர் இரண்டு வழிகளில் யோசித்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் "பறையன்" என்றே பெயர் வைத்தார். இழிவு என்று சொல்லப்பட்ட பெயரைத் தலை நிமிர்ந்து சொன்னால்தான் இழிவு போகும் என்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது பகைவர்கள் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்பது அவர் வழி. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. பெயரை ஏந்துவதா, உதறுவதா என்ற இந்த விவாதம்தான் பின்னாளில் பறையை ஏந்துவதா, உதறுவதா என்ற விவாதமாகவும் வந்தது.

உதறும் வழிக்கு அண்ணல் அம்பேத்கரின் போராட்டம் பெரும் துணையாக இருந்தது. 1927இல் மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், இழிவான ஊழியங்களை விடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். மகர்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிப்போட்டிருந்த வதன் முறையைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். பிறப்பால் வரும் வேலை எதுவாக இருந்தாலும் அது அடிமைத்தனத்தின் வேர் என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

தமிழ்நாட்டுச் சேரிகளில் இந்தக் குரல் குறிப்பாக 1980களிலும், அண்ணலின் நூற்றாண்டு வந்த 1991ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் வேகம் பிடித்தது. படித்து வந்த இளைஞர்கள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். "இனி யார் வீட்டுச் சாவுக்கும் அடிக்க மாட்டோம்" என்று முடிவெடுத்தார்கள். சில ஊர்களில் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். தந்தை அடித்த கருவியை மகன் தீயில் போடுவது எளிதான காரியமல்ல. அது வெறும் தோலும் மரமும் அல்ல என்பதை அவர்களும் அறிவார்கள். ஆனால் ஊர் அழைத்தால் ஓடியாக வேண்டும் என்ற கட்டளையும் அந்தத் தோலுக்குள்தான் இருந்தது. மறுத்ததற்கு விலை கொடுத்தார்கள். வயலில் வேலை தரவில்லை, கடையில் சாமான் தரவில்லை, பாதையை மறித்தார்கள், அடித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

ஏந்தும் வழியும் அதே காலத்தில் வளர்ந்தது. நாட்டுப்புறப் பாடல்களையும் தோலிசையையும் பல்கலைக்கழக அரங்கம் வரை கொண்டுபோனவர் கே.ஏ. குணசேகரன். அவருடைய "தன்னானே" கலைக்குழுவும் "பலி ஆடுகள்" நாடகமும் ஒரு தலைமுறைக்குக் கலையை அரசியலாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தன. மதுரை இறையியல் கல்லூரியில் "பரட்டை" என்ற பெயரில் பாடல்கள் எழுதிய தியோபிலஸ் அப்பாவு, சேரி மக்களின் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்ண வேண்டும் என்பது அவருடைய இறையியலின் மையம். ஒரே உலையில் உண்ணாதவர்கள் ஒரே பாட்டைப் பாடி என்ன பயன் என்ற கேள்வி அதில் இருக்கிறது. இன்று ஒரே வட்டத்தில் ஆடுகிற நம்மையும் அந்தக் கேள்வி விடவில்லை.

1990இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இன்னொரு சுவரை இடித்தது. அதுவரை பறை ஆண்களின் கையில்தான் இருந்தது. சேரிக்குள்ளேயும் பெண்கள் அதைத் தொடக் கூடாது என்ற கட்டு இருந்தது. தலித் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்து ஆடியபோது சாதிக்கும் ஆணாதிக்கத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்தது. இன்று பயிற்சி வகுப்புகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருப்பதற்கு அவர்கள் போட்ட பாதை ஒரு முக்கியக் காரணம்.

உதறியவர்களையும் ஏந்தியவர்களையும் எதிரெதிராக நிறுத்துவது எங்களுக்கு உடன்பாடில்லை. மாட்டேன் என்று சொல்லும் உரிமையைப் போராடி எடுத்தவர்கள் இருந்ததால்தான் பறையை விரும்பி எடுக்க முடிகிறது. மறுக்க முடியாத இடத்தில் அடிப்பது ஊழியம். மறுக்க முடிகிற இடத்தில் அடிப்பது கலை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது மறுத்தவர்களின் போராட்டம்.

இதற்குப் பிறகுதான் வட்டம் பெரிதானது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது இரவும் பகலும் பறை ஒலித்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதற்கு ஆடினார்கள். அந்தக் கடற்கரையில் பறை தமிழர் அடையாளமாக ஏற்கப்பட்டது பெரிய மாற்றம்தான். ஆனால் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, யார் தள்ளி நிற்க வேண்டும் என்ற கேள்வியை அந்தக் கூட்டம் தன் முழக்கமாக்கவில்லை. பறையின் ஒலியை ஏற்றவர்கள் பறையின் வரலாற்றை ஏற்றார்களா என்பது அங்கேயே எழுந்த ஐயம்.

2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" முதன்முறையாக மேடையேறியபோது அந்த ஐயத்துக்கு ஒரு பதில் கிடைத்தது. அங்கே கானாவும் பறையும் கிட்டாரும் சேர்ந்தன. இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றி வெளிப்படையாகப் பாடிய பாட்டுக்குத்தான் கூட்டம் ஆடியது. 2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, சபாக்களின் மாதத்தில் மக்கள் கலைக்கு மேடை போட்டது. சாதியை மறைக்காமல் பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை என்பதை இந்த மேடைகள் காட்டின.

2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். 2025இல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இடையில் மூன்றே ஆண்டுகள். ஒரு பக்கம் பறைக் கலைஞருக்கு நாட்டின் விருது. மறுபக்கம், அரசு சொல்லி நிறுத்த வேண்டிய நிலையில் 2022 வரை தண்டோரா ஊழியம் இருந்திருக்கிறது. நாம் வாழும் காலம் இதுதான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வட்டத்துக்குள் வரும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்.

உங்கள் வகுப்புக்குக் கிராமத்துக் கலைஞர் ஒருவரை ஆசானாக அழையுங்கள். பேசிய தொகையை மேடையேறும் முன்பே கொடுங்கள். சாவுக்கு அடித்துப் பிழைக்கும் கலைஞரை ஒருபோதும் குறைவாகப் பேசாதீர்கள். கூலி பேசி, விரும்பிப் போகிறவரின் தொழில் அது. அதை இழிவு என்று சொல்வதும் சாதியின் குரல்தான். "சாவுக்கு அடிக்கிற பறை வேறு, நாங்கள் அடிக்கிற பறை வேறு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். தீயில் காய்ச்சும்போது தோல் வாடை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்திய கைகளைத்தான் இந்த நாடு தீண்டத்தகாத கைகள் என்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது ஓர் ஊரில் "இனி அடிக்க மாட்டோம்" என்று மக்கள் சொல்லும்போது அவர்கள் பக்கம் நில்லுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தலித் மக்களைக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பது குற்றம். 2015 திருத்தம் பிணம் சுமக்க வைப்பதையும், செத்த விலங்கை அகற்ற வைப்பதையும், குழி வெட்ட வைப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. சமூகப் புறக்கணிப்பும் அதே திருத்தத்தில் குற்றமானது. சட்டம் இருக்கிறது. புகாரைப் பதிவு செய்ய வைக்கவும், ஊர் வேலை மறுக்கும் நாட்களில் அந்தக் குடும்பங்களோடு நிற்கவும்தான் ஆட்கள் வேண்டும்.

மேடையில் நம்மோடு அடவு போட்ட தோழர், தன் சொந்த ஊரில் சேரிக்காரர் ஒருவர் மறுக்கும்போது அவருக்காகத் தன் உறவுகளை எதிர்த்துப் பேசுவாரா? பேசுவார் என்றால் நாம் ஆடிய வட்டம் உண்மையிலேயே பெரிதாகியிருக்கிறது. அடுத்த பயிற்சி வகுப்பில் பறையைக் காய்ச்சும் அந்த அரைமணி நேரத்தில், எல்லோரும் தீயைச் சுற்றி நிற்கும்போது, இந்தக் கேள்வியை எடுத்துப் பேசுங்கள்.