நாவும் கரமும்

குத்துச்சண்டையின் பொற்காலம் எது என்று வினவினால், 1970ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளையே பலரும் சுட்டுவர். முகம்மது அலி, ஜோ பிரேசியர், ஜோர்ஜ் போர்மன், கென் நோட்டன் ஆகிய அமெரிக்க வீரர் நால்வர் அதிபார வகுப்பிலே ஒரே காலத்தில் விளங்கினர். அவருள்ளும் அலிக்கும் பிரேசியருக்கும் இடையே நிகழ்ந்த மூன்று போர்களே அக்காலத்தின் முடிமணி எனலாம். ஆயினும், அவ்விருவர் வரலாற்றிலே கரங்கள் தந்த வெற்றி தோல்விகளைக் காட்டிலும் நாத் தந்த காயமே நெடிது நிலைத்தது.

அலி 1942இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலே பிறந்தவர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார். 1964இல் சொனி லிஸ்டனை வீழ்த்தி 22 வயதிலேயே உலகப் பட்டத்தை எய்தினார். பிரேசியர் 1944இல் தென் கரோலைனாவிலே ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்தவர். பிலடெல்பியா நகரின் இறைச்சிக் கொட்டிலிலே கூலி வேலை செய்துகொண்டே பயின்று, 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அலி நெடியவர், மெல்லடி வைத்து விலகி நின்று குத்துபவர். பிரேசியர் குட்டையர், குனிந்து, அசைந்து, எதிரியின் மார்பளவில் நெருங்கி, இடக்கையை வளைத்து வீசுபவர். ஒருவரின் ஆற்றலை மற்றவரின் ஆற்றலே முழுதாக வெளிக்கொணர்ந்தது.

1967ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், வியட்நாம் போருக்கான படைச் சேவையை அலி தம் சமய நம்பிக்கையின் பேரில் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு நிலுவையில் இருந்தமையாற் சிறை செல்லவில்லையெனினும், மூன்றரை ஆண்டுகள் மேடையேற இயலாது வாடினார். அந்நாளில் அவருக்குப் பணம் கொடுத்து உதவியவருள் பிரேசியரும் ஒருவர். அலிக்கு உரிமம் மீண்டும் வழங்கப்படவேண்டும் எனவும் அவர் பரிந்து பேசினார். 1970இல் அலி மேடைக்குத் திரும்பினார். அப்பொழுது உலகப் பட்டம் பிரேசியரிடம் இருந்தது.

1971ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இருவரும் நியூயோர்க்கில் மோதினர். இருவரும் அதுவரை தோல்வி காணாதவர். ஆளுக்கு 25 இலட்சம் டொலர் ஊதியம். போருக்கு முன்னரே அலி தம் நாவைத் தொடுத்தார். பிரேசியரை வெள்ளையரின் அடிமை என ஏசினார்; அழகற்றவர், அறிவற்றவர் என எள்ளினார். வயலில் வியர்வை சிந்தி வளர்ந்த ஒரு கறுப்பு உழவன் மகனுக்கு இதனினும் கொடிய பழி உண்டோ? தம் பிள்ளைகள் பாடசாலையிலே இதனால் ஏளனத்துக்கு ஆளாயினர் என்று பிரேசியர் பின்னாளில் வருந்தினார். மேடையில் அவர் கரத்தால் விடையிறுத்தார். பதினைந்தாம் சுற்றிலே அவருடைய இடக்கைக் குத்து அலியைத் தரையிற் சாய்த்தது. அலி எழுந்துவிட்டார், எனினும் நடுவர் மூவரும் பிரேசியரையே வென்றவராக அறிவித்தனர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அலியின் தண்டனையை நீக்கியது. 1973இல் போர்மன் இரண்டே சுற்றுகளில் பிரேசியரை ஆறு முறை வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றினார். 1974 ஜனவரியில் நடந்த இரண்டாம் போரிலே அலி பிரேசியரை வென்றார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஆபிரிக்காவின் கின்ஷாசா நகரிலே போர்மனையும் எட்டாம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை மீட்டார்.

மூன்றாம் போர் 1975 ஒக்டோபர் 1ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டிலே மணிலாவை அடுத்த கேசோன் நகரில் நிகழ்ந்தது. அலி ரப்பர்க் குரங்குப் பொம்மையொன்றைக் காட்டி, அதுவே பிரேசியர் என எள்ளி நகையாடினார். காலை வேளையிலும் அரங்கம் உலைபோற் கொதித்தது. முற்பகுதி அலியினது, இடைப்பகுதி பிரேசியரது, பின்னர் மீண்டும் அலியின் கை ஓங்கியது. பிரேசியரின் வலக்கண் வீங்கி மூடியது. இடக்கண்ணின் பார்வையோ முன்னமே குறைந்திருந்தது. பதினான்காம் சுற்று முடிந்ததும், பயிற்றுநர் எடி பச் போரை நிறுத்தினார். பிரேசியர் தடுத்தும் அவர் இசையவில்லை. மேடையிற் பட்ட அடியால் வீரர் மாண்டதை அறிந்தவர் அவர். ஒரு பட்டத்தினும் ஓர் உயிர் பெரிதெனக் கொண்டார். வென்ற அலியும் நிற்க வலுவின்றிச் சரிந்தார். சாவுக்கு மிக அண்மையிற் சென்று மீண்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

போர்கள் முடிந்தன, பகை முடியவில்லை. 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2001இல் அவர் தம் பழைய சொற்களுக்காக நியூயோர்க் செய்தித்தாள் ஒன்றின் வாயிலாக மன்னிப்புக் கோரினார். அம்மன்னிப்புச் செய்தித்தாளுக்குச் சொல்லப்பட்டதேயன்றித் தமக்கு நேரிற் சொல்லப்படவில்லை என்பது பிரேசியரின் குறை. விளம்பரத்திற்கென வீசிய சொல் வீசியவருக்கு விளையாட்டு. ஏற்றவருக்கோ அது முப்பதாண்டு நோவு.

2011 நவம்பர் 7ஆம் நாள் பிரேசியர் மறைந்தார். பிலடெல்பியாவில் நடந்த இறுதி வழிபாட்டிற்கு, 2016இல் மறைந்த அலி நோயுற்ற உடலோடு வந்திருந்தார். ஒரு காலத்தில் ஓயாது முழங்கிய அந்த நா அன்று தளர்ந்திருந்தது. மறைந்தவர்க்கு அன்பு காட்டுமாறு கூட்டத்தினரை வேண்டியபொழுது, அலி எழுந்து நின்று தம் இரு கரங்களையும் தட்டினார்.