உமரியும் பூநாரையும்

உவர்நிலங்களில் தானே முளைத்துப் படரும் சதைப்பற்றுள்ள பூண்டு உமரி. ஆழமற்ற உப்பு நீர்நிலைகளில் நடந்து இரை தேடும் நெடுங்கால் பறவை பூநாரை. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் இவ்விரண்டும் ஒரே பிரதேசத்தில் ஜீவிப்பதால், உப்பு என்னும் பொது இடரை இவை எவ்வாறு வெல்கின்றன என்பதை ஒருங்கே ஆராய்தல் தகும்.

உமரியின் இலை ஓரங்குல நீளத்துக்கு உட்பட்டது, திரண்டு உருண்டது, நசுக்கினால் உவர்நீர் கசிவது. வேர்வழி ஏறும் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இச்செடிக்கு இன்மையால், அவ்வுப்பை இலையணுக்களுக்குள் உள்ள நீர்க்குமிழிகளில் அடைத்து, உயிர்ப்பொருளை அது தீண்டாதவாறு காத்து, அதன் பலத்தாலேயே உவர்மண்ணிலிருந்து ஜலத்தை ஈர்த்துக்கொள்கிறது. கடலோர ஊர்களில் இதனைக் கீரையாகச் சமைத்து உண்பர்.

பூநாரையின் உபாயம் இதற்கு நேர்மாறானது. உப்பு உடலில் தங்கினால் அதற்கு ஆபத்து. ஆதலின் கண்களுக்கு மேலே அமைந்த சுரப்பிகள் இரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, நாசித் துவாரங்களின் வழியே திரவமாக வெளியேற்றுகின்றன. இரை கொள்வதிலும் அது தனித்தன்மை உடையது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, தடித்த நாவினால் சேற்றுநீரை உறிஞ்சித் தள்ளி, அலகோரத்துச் சீப்புப் பற்களில் தங்கும் சிற்றுயிர்களை அது உண்ணும் விதம் எந்த நாரைக்கும் வாய்த்திலது.

வர்ணத்திலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. உமரி முதிர்ந்து சிவக்கும்போது தோன்றும் நிறம், பீட்ரூட்டின் செந்நிறத்தைப் போலவே, செடி தானே ஆக்கிக்கொள்வது. பூநாரையின் செம்மையோ பாசிகளிலும் சிற்றிறால்களிலும் உள்ள நிறப்பொருள் சிறகில் ஏறியதேயன்றி வேறில்லை. சாம்பல் நிறக் குஞ்சு சிவக்கப் பல ஆண்டுகள் ஆகும். தக்க இரை கிடைக்காவிடில் பறவை வெளுத்துப்போகும். எனவே நீர்நிலை கெட்டால் பறவையின் அழகும் கெடும்.

இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாய் இனப்பெருக்கம் செய்யும் இடம் கட்சு உவர்ப்பாலை. அங்குள்ள கூடுகளை 1945-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி நேரில் ஆராய்ந்தார். சென்னை நங்கநல்லூர்வாசிகள் இப்பறவையைக் காண அத்தனை தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஊருக்குத் தென்கிழக்கே சில கல் தொலைவிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அது வருவதுண்டு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்நிலத்தில் கழிவுநீரும் குப்பையும் கலவாமல் காப்பது சுற்றுவட்டாரத்தார் அனைவரின் கடமை.